நாம் இல்லாதபோதும் வர வேண்டிய எண்

1

சைகோனில் கல்லறைத் திருநாள் வந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கல்லறைகளெல்லாம் புதுச்சேரியில் இருக்கின்றன. மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்ட முடியுமா? அதனால் இங்குள்ள கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில், ஊரில் அடங்கியிருப்பவர்களின் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு திரி ஏற்றிவிட்டு வருவோம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எங்களைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். கல்லறைகூட இல்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வார்கள் போலும்.

இந்த வருஷம் நான், ஊரில் என்னோடு வேலை பார்த்த அருளப்பனுக்கு ஏற்றினேன். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. போன செய்தி எனக்குக் கப்பல் தபாலில் வந்து சேர்வதற்குள் ஊரில் எல்லாக் காரியமும் முடிந்துவிட்டிருந்தது. அந்த இடைவெளியில் நான் அவருக்கு இரண்டு கடிதம் எழுதிப் போட்டிருந்தேன். மழை எப்படி, உடம்பு எப்படி என்று கேட்டிருந்தேன். இறந்தவரிடம் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

என் மகள் தெரேஸ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். காற்றில் திரி அணைந்து அணைந்து போயிற்று.

"இது யாருக்கு?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அவள் தமிழில் கேட்பதை நிறுத்திச் சில வருஷமாகிறது.

"உன் ஞானத்தகப்பனுக்கு."

"எனக்கு ஞானத்தகப்பன் இருந்தாரா?"

புதுச்சேரியில் இவளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவர் அவர். குழந்தை அழுததும் தானும் அழுதவர். அதையெல்லாம் இந்தப் பெண்ணுக்கு நான் எப்போது சொன்னேன்? நான் சொன்னது தமிழில். அவள் வளர்ந்தது வேறு பாஷையில். திரியை மறுபடி ஏற்றிவிட்டு இருவரும் வீடு திரும்பினோம்.

2

மறுநாள் காலை நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் வாசலில் கண்ணையன் நின்றுகொண்டிருந்தான்.

சைகோனில் பால் வியாபாரம் பெரும்பாலும் நம்மவர் கையில் இருக்கிறது என்பது ஊரில் பலருக்குத் தெரியும். கண்ணையன் புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கத்து ஆள். பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவான். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டி, உள்ளே தண்ணீர் இல்லை என்று வீட்டம்மாள் பார்த்த பிறகு, அவள் கண்ணெதிரே கறந்து கொடுப்பான். நம் ஊரில் நாம் எல்லாரும் இப்படித்தான் பால் வாங்கினோம். இதில் ஏமாற்ற வழியில்லை என்பதுதான் இந்த வழக்கத்தின் பெருமையே.

அந்தப் பாலில்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று எங்கள் ஆய்வுக்கூடம் சொல்லியிருந்தது.

"முசியே, நான் தண்ணி ஊத்தலங்க," என்றான். "வூட்டு எதிர்லயே, அந்தம்மா பாக்கச்சொல்லதான் கறந்தேன். கறந்த கையோட அதிகாரி வந்து புட்டில ஊத்திக்கினு போனாரு. தண்ணி எங்கேந்துங்க வரும்? மடியிலேந்தா?"

"தாள்ல இன்னா போட்டிருக்கு?"

"எனக்கு இன்னா தெரியும். இன்னொரு வாட்டி இப்படி வந்தா அனுமதிய புடுங்கிடுவாங்கன்னு மேரியில சொல்லிட்டாங்க. அதுக்குள்ளயே ரெண்டு தெருவுல கதவத் தொறக்கமாட்றாங்க. தண்ணிக்காரன்னு கூப்பிடறாங்கய்யா. பசுவுக்குத் தீவனம் போடறதா, நான் சாப்பிடறதா?"

மேரி என்பது நகர மண்டபம், நமக்குத் தெரியாததல்ல. தாளை வாங்கிப் பார்த்தேன். பால்மானி காட்டியது இருபத்தெட்டு. நல்ல பசும்பால் முப்பதுக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. தண்ணீர் கலந்தால் எண் இறங்கும். அளந்தவர் இந்நாட்டுக்காரரான ஓர் அன்னமித்தியர், முசியே தாம் என்று பெயர். என்னோடு வேலை பார்ப்பவர். எனக்குத் தண்ணீர் மேசை, அவருக்குப் பால் மேசை. அவர் கை சுத்தமான கை, பொய் எழுதமாட்டார். கண்ணையனும் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. இருவரும் பொய் சொல்லாதபோது எண் எப்படித் தப்பாகும்?

எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. புதுச்சேரியில் அருளப்பனும் நானும் அந்தப் பதிலுக்காக ஒருவரையொருவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டிருக்கிறோம்.

3

கடற்கரைக்குப் போகிற தெரு ஒன்றில், காவி அடித்த சுவரோடு ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அதில் நாங்கள் இருவரும் உதவியாளர்கள். எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஒரே பாலை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவரவர் அளந்து அவரவர் சிலேட்டில் எழுதி, பிறகு ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவோம். இரண்டு சிலேட்டும் ஒத்துப்போனால்தான் எண்ணை மேலே அனுப்புவது. ஒருவன் கண்ட எண் வெறும் அபிப்பிராயம் என்பார் அருளப்பன்.

ஒரு காலத்தில் சிலேட்டுகள் ஒத்துப்போகவே இல்லை. தண்ணீரில் ஒத்துப்போகும், சாராயத்தில் ஒத்துப்போகும். காலைப் பாலில் மட்டும் என்னுடையது எப்போதும் குறைவாக நிற்கும்.

"நீ பால்மானிய அமுக்கி வுடற, சவரி," என்பார்.

"நீங்க மேலேந்து குனிஞ்சி பாக்கறீங்க. கண்ண நேரா வச்சிப் பாருங்க," என்பேன் நான்.

பால்மானி பிரான்சில் செய்தது. அங்குள்ள குளிருக்கு அளவு குறித்தது. அந்தக் குளிர் நமக்கு மார்கழியிலும் கிடையாது. ஆகவே வெப்பமானியைப் பார்த்து, அட்டவணையில் உள்ளபடி கூட்டிக்கொள்வோம். கூட்டலில் தப்பா என்று பார்த்தோம், இல்லை. கருவிகளை மாற்றிக்கொண்டோம், அவருடைய கருவியும் என் கையில் குறைவாகவே காட்டியது. கடைசியில் பேச்சு மனஸ்தாபமாகி, இருவரும் சிலேட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த மாதங்கள் மிகவும் கசப்பானவை.

ஒரு வாரம் பங்குச் சாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். கோவிலில் முதல் பூசை இல்லை. நாள் தவறாமல் விடியற்காலைப் பூசை கண்டு, வீட்டுக்குப் போய் காப்பி குடித்து, அப்புறம் வேலைக்கு வருகிறவர் அருளப்பன். அந்த வாரம் என்னோடு சேர்ந்தே வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சிலேட்டுகள் ஒத்துப்போயின. ஆனால் என்னுடைய குறைந்த எண்ணில்.

"பூசை இல்லாத நாள்ல பாலும் பாவத்துல வுழுந்துடுச்சா?" என்று சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சாமியார் எழுந்ததும் எண்கள் மறுபடி பிரிந்தன. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மறுநாள் நான் பாலைத் தொடாமல் அவருக்காகக் காத்திருந்தேன். அவர் வந்தார், இருவரும் அளந்தோம், சிலேட்டைத் திருப்பினோம். முப்பது, முப்பது.

கறந்த சூட்டில் பால் நுரையும் காற்றுமாக இருக்கிறது. அதிலுள்ள கொழுப்பு இன்னும் இறுகவில்லை. அந்த நேரத்தில் பால்மானியை விட்டால் கொஞ்சம் அதிகமாகவே அமிழும். தண்ணீர் கலந்தது போலக் காட்டும். நான் காலையில் வந்த கையோடு அளந்தேன். அவரோ பூசை முடிந்து வந்து அளந்தார்.

"தப்பு உன் கண்ணுலயும் இல்ல, என் கண்ணுலயும் இல்ல," என்றார் அருளப்பன். "பாலுக்கு நேரம் குடுக்கல நாம. அவ்ளோதான்."

அன்றுமுதல், அருளப்பன் வருகிற நேரத்துக்கு ஊதும் ஆலைச் சங்கைக் கேட்ட பிறகுதான் பாலைத் தொடுவது என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து மருந்துக்கூடத்து ஊழியரைக் கூப்பிட்டு, எங்கள் முறையைச் சொல்லி அளக்கச் சொன்னோம். அவருக்கும் அதே எண். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அருளப்பனுக்கு மட்டும் திருப்தியில்லை.

"பக்கத்துல நின்னு சொன்னமில்ல? அது சேத்தியில்ல. நாம ரெண்டு பேரும் இல்லாதப்பவும் அதே எண்ணு வரணும் சவரி. அப்பதான் அது எண்ணு."

அதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்றார். உட்கார்ந்து எழுதுவதற்குள் எனக்குச் சைகோன் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. கப்பலேற்ற வந்தவர், கடல் பாலத்தின் முனையில் நின்றுகொண்டு கைக்குட்டையை ஆட்டாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

4

சைகோன் ஆய்வுக்கூடத்தின் தலைவரிடம் போய், கறந்த சூட்டில் அளந்ததால்தான் எண் இறங்கியது என்று சொன்னேன். மரியாதை தெரிந்த வெள்ளைக்காரர், குரல் உயர்த்தாதவர். முழுதும் கேட்டுக்கொண்டு, "நீங்கள் அந்த மனிதனின் ஊர்க்காரர் அல்லவா?" என்றார்.

ஆம் என்றேன்.

"அப்படியானால் நீங்கள் அளக்கும் எண்ணை நான் எப்படி ஏற்றுக்கொள்வது? வேறு கை அளக்க வேண்டும். நீங்கள் அறையில் இருக்கக்கூடாது."

முகத்தில் அறைந்தது போல இருந்தது. வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றபோது கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. அவர் சொன்னதற்கும் அருளப்பன் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அருளப்பன் சொன்னபோது வலிக்கவில்லை, இவர் சொன்னபோது வலித்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறகு மனு. முத்திரைத் தாளில் எழுத வேண்டும். எழுதினேன். மேரிக்குப் போயிற்று. நான் பிறந்த ஊர் எந்த மாகாணத்தில் இருக்கிறது என்று கேட்டுத் திரும்பி வந்தது. புதுச்சேரியை ஒரு குமாஸ்தாவுக்கு விளக்கி எழுதும் நிலைமை எனக்கு வந்ததே என்று நொந்துகொண்டே எழுதினேன். மறுபடி போயிற்று. ஒருவழியாக, கண்ணையன் பாலை இரண்டாவது முறை எடுக்கலாம், முசியே தாம் அளக்கட்டும், சவரிமுத்து முறையை எழுதிக் கொடுக்கட்டும் என்று உத்தரவாயிற்று. இந்தச் சுற்றுக்குள் கண்ணையனுக்கு இன்னும் சில தெருக்கள் போய்விட்டன.

அருளப்பன் எழுதச் சொன்ன தாளை இத்தனை வருஷம் கழித்து, அவர் இல்லாத ஊரில், பிரெஞ்சில் எழுதினேன். இவ்வளவு நேரம் நிழலில் வை. குளிர வை. கருவியைத் துடை. மெதுவாக விடு. கண்ணை மட்டத்தில் வைத்துப் படி. எனக்கு அது முழுசாகத்தான் தோன்றியது.

முசியே தாம் என் தாளில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் செய்தார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எண் வந்தது: முப்பத்து மூன்று. கொழுப்புக் குறைந்தால் பால் கனத்து எண் இப்படி ஏறும்.

தலைவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "முதலில் தண்ணீர் கலந்த பால். இப்போது ஆடை எடுத்த பால். உங்கள் ஊர்க்காரர் எதைத்தான் செய்கிறார்?"

இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்போம், அதுதான் கடைசி என்றார்.

5

வீட்டில் அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தெரேஸ் எட்டிப் பார்த்தாள். முதலில் என் பிரெஞ்சைத் திருத்தினாள். அது அவளுக்குப் பிடித்த வேலை. எனக்கு அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

"நான் செய்து பார்க்கட்டுமா?" என்றாள்.

"உனக்கு எதற்கு?"

"நீங்கள் அறையில் இருக்கக்கூடாது என்றால், ஒன்றுமே தெரியாத ஆள்தானே வேண்டும்?"

கண்ணையனிடம் காலைப் பால் வாங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து அவள் கையில் தாளையும் என் பால்மானியையும் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். அவளும் பால் நின்ற நேரம் பார்த்து, ஐஸில் குளிர வைத்து, எல்லாம் தாளில் உள்ளபடியே செய்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா, மேலே ஆடை திரண்டிருக்கிறது. நான் அதன் கீழே இருந்து எடுக்கட்டுமா, மேலே இருந்து எடுக்கட்டுமா? தாளில் சொல்லவில்லையே."

நான் அப்படியே நின்றேன். புதுச்சேரியில் பாலை நிற்கவிட்ட பிறகு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக, நுரைக்காமல் இரண்டு தரம் ஊற்றிக் கலப்போம். அது ஒரு வேலை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. வீட்டில் பாலைத் தொடுகிறவர்கள் யாரும் செய்கிற காரியம். மருந்துக்கூடத்து ஊழியரும் நாங்கள் சொல்லாமலே அப்படித்தான் செய்தார். அவரும் நம் ஊர்க்காரர்தானே. முசியே தாமின் வீட்டில் யாரும் பால் காய்ச்சுவதில்லை. எழுதாததை அவர் செய்யவில்லை. ஆடை மேலே நிற்க, அடியில் இருந்த கனமான பாலை எடுத்து அளந்திருக்கிறார். அருளப்பன் பயந்தது இதற்குத்தான்.

விட்டுப்போன வரியை நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். மறுபடி செய்தாள். நான் அடுக்களையில் என் பங்கை அளந்து, பழைய ஞாபகத்தில் அவள் பள்ளிக்கூடச் சிலேட்டிலேயே எழுதினேன். அவள் ஒரு காகிதத்தில் எழுதினாள். ஒரே நேரத்தில் திருப்பினோம்.

முப்பது, முப்பது.

அவள் கைதட்டினாள். நான் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், "என்னப்பா?" என்றாள், தமிழில். நான் அருளப்பனைப் பற்றிச் சொன்னேன். பூசைக் கதையைச் சொன்னேன். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. எவ்வளவு அவளிடம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ஆனால் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

6

கடைசி முறையும் முசியே தாம் அளந்தார். முப்பது. தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு, தாளைப் படித்துப் படித்துத் தானே ஒருமுறை அளந்தார். அவருக்கும் முப்பது.

"இனி இங்கே காலைப் பாலை இந்த முறைப்படிதான் அளக்க வேண்டும்," என்றார். "இது நீங்கள் உண்டாக்கிய முறையா?"

"நானும் புதுச்சேரியில் ஒரு நண்பரும்."

"அப்படியானால் அவரும் கையெழுத்திடட்டும். அனுப்பி வையுங்கள்."

"அவர் இறந்துவிட்டார்."

"ஓ," என்றார். தாளை என் பக்கம் தள்ளி, "ஒரு கையெழுத்து போதும்," என்றார். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போட்டேன்.

சாயங்காலம் கண்ணையனின் கொட்டகைக்கு ஓடினேன். கட்டுத்தறிகள் வெறுமையாக இருந்தன. ஒரு மூலையில் வைக்கோல் கிடந்தது. அவன் தன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"வித்துட்டேன்யா," என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "யாரும் கதவத் தொறக்கல. வாயில்லா ஜீவன எத்தினி நாளைக்குப் பட்டினி போடறது. நல்ல ஆளாப் பாத்துத்தான் குடுத்தேன்."

"கண்ணையா, எண்ணு சரியா வந்துடுச்சிப்பா. தண்ணி இல்லன்னு எழுதிட்டாங்க. அனுமதி உனக்குத்தான்."

அவன் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நான் எழுத மறந்த அந்த ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் அந்தப் பசுக்கள் இன்னும் இங்கே நின்றிருக்குமோ என்னவோ. அந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"வந்துச்சில்ல," என்றான் கடைசியில். "அது போதும்யா. ஊர்ல யாரும் என்னத் தண்ணி ஊத்தினவன்னு சொல்லக்கூடாது. நான் கப்பலுக்குச் சொல்லிட்டேன். போறேன்."

கப்பல் புறப்படும் நாளில் நானும் தெரேஸும் துறைமுகத்துக்குப் போனோம். அவளாகத்தான் வருகிறேன் என்றாள். கண்ணையன் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தேன்.

"நெல்லித்தோப்பு கோவில் கல்லறையில அருளப்பன்னு ஒருத்தரு இருக்காரு. யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. இத ஏத்தி வச்சிடுறியா?"

"அதுக்கின்னாங்க, நம்ம தெருவுக்குப் பக்கந்தானே. ஏத்திடறேன். ஏதாச்சும் சொல்லணுமா?"

எனக்கு முந்தி தெரேஸ்தான் சொன்னாள், தட்டுத் தடுமாறி, தமிழில்:

"முப்பதுன்னு சொல்லுங்க. அவரு இல்லாமலே வந்துச்சின்னு சொல்லுங்க."

கண்ணையன் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கல்லறையில் போய் ஓர் எண்ணைச் சொல்வது தினமும் நடக்கிற காரியம் போலத் தலையாட்டினான். மெழுகுவர்த்தியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தோடு ஏறினான். மறந்துவிடக் கூடாது என்று அவன் உதடு அசைந்துகொண்டே இருந்ததை நாங்கள் கீழே நின்று பார்த்தோம். முப்பது, முப்பது.